முதுகில் பதிந்த கை

தாயில்பட்டியில் யாராவது சத்தியம் என்று வாயெடுத்தால் சின்னத்தாய் அந்த இடத்தில் நிற்கமாட்டாள். குழாயடியில் சண்டை முற்றி, "எம்பிள்ளை மேல சத்தியமா நான் ஒங்கொடத்தத் தொடல" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டால் போதும், பாதி நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். களையெடுக்கப் போன இடத்திலும் அப்படித்தான். புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் சிரிப்பதில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியும். அந்தக் காரணத்தில் அவர்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

அவள் பிறந்த ஊர் ஆமத்தூர். கூடப் பிறந்தது ஆண்டிச்சாமி என்ற ஓர் அண்ணன் மட்டும். இருவரும் சின்ன வயதில் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவர்கள். அண்ணன் வாயாடி. தங்கைக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். "எந்தங்கச்சிக்கு வாய் கொடுத்தது கஞ்சி குடிக்க மட்டுந்தான்" என்று கேலி செய்வான். தாயில்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தாள். மழை பொய்த்தது. காட்டு வேலை போய் ஊரே பட்டாசுக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தபோது இவளும் போனாள். மகன் அய்யாதுரையும் மகள் பானுப்பிரியாவும் பள்ளிக்கூடம் போகிற வயதில் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதற்கு அடுத்த வருஷமே ஆண்டிச்சாமியின் மனைவியும் பிரசவத்தில் கண்ணை மூடினாள். அவன் மகன் கதிரவனுக்கும் மகள் செல்வலட்சுமிக்கும் பேன் பார்த்ததும், காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்ததும், விடுமுறைக்கு அழைத்து வந்து சோறு போட்டதும் சின்னத்தாய்தான்.

பிள்ளைகள் வளர்ந்ததும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஆண்டிச்சாமி மகள் செல்வலட்சுமி, அய்யாதுரைக்கு. சின்னத்தாய் மகள் பானுப்பிரியா, கதிரவனுக்கு. ஒரே பந்தல், ஒரே மேளம், ஒரே பந்தி. சீதனப் பேச்சு கிடையாது. அந்தப் பக்கம் போன நகை இந்தப் பக்கம் வரும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட சம்பந்தத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததல்ல, ஆனால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே வந்தவள் நன்றாக இருந்தால் அங்கே போனவள் நன்றாக இருப்பாள். இங்கே வந்தவள் அழுதால் அங்கே போனவளும் அழ வேண்டும்.

முதல் மூன்று வருஷம் யாரும் அழவில்லை. அய்யாதுரை சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் லோடு ஏற்றும் வேலை பார்த்தான். செல்வலட்சுமி மாமியாரோடு ஊருக்கு வெளியே இருந்த பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். அவளுக்கு இன்னும் குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றித் தெருவில் பேசினால் சின்னத்தாய் காது கொடுப்பதில்லை. ஆமத்தூரில் பானுப்பிரியாவுக்குத்தான் முதலில் நின்றது. அந்தச் சேதி கேட்ட அன்று செல்வலட்சுமி சீனி வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தாள். "நான் அத்தையாகப் போறேன்ல" என்றாள்.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துப் புரட்டாசி. தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது. இடையில் பெய்த மழையில் சரக்கு காயாமல் வேலை பின்தங்கிவிட்டது. போர்மேன் இராமகிருஷ்ணன், வேலை முடிந்து மற்றவர்களைக் கம்பெனி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, மூன்று பேரை மட்டும் நிறுத்தி வைத்தார். மருந்து சலிக்கிற சோணைமுத்து, சின்னத்தாய், செல்வலட்சுமி. பூச்சட்டிக்கு மருந்து அடைக்க வேண்டும், வாய்க்குக் காகிதம் ஒட்ட வேண்டும். அடைக்கிற இடமும் ஒட்டுகிற இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். சீக்கிரம் முடியட்டும் என்று அன்று எல்லாவற்றையும் ஒரே அறையில் வைத்தார்.

சோணைமுத்து எட்டூர் தள்ளியிருந்து வேலைக்கு வருகிற பையன். கல்யாணம் ஆகாதவன். அலுமினியத் தூளில் புழங்குகிறவர்களுக்குக் கை வெள்ளியாக மின்னும். சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது. சாமி சிலைக்குக் கவசம் போட்டது போல இருக்கும். "என்னப்பா, கையை மட்டும் அடகுக்கடையில கொடுத்து முலாம் பூசுனியா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. மருந்துத் தட்டை ஓரமாக நகர்த்தலாம் என்று சோணைமுத்து இழுத்தான். தரையில் சிந்திக் கிடந்த மருந்தின் மேல் தட்டு உரசியது. உஸ் என்று ஒரு சத்தம். அறை முழுக்க ஒரே வெள்ளை. செல்வலட்சுமி வாசல்படியில்தான் இருந்தாள். எழுந்து நின்றவள் அப்படியே மரம் போல நின்றுவிட்டாள். ஓடத் தோன்றவில்லை. அவள் நகராமல் பின்னால் இருக்கிற யாரும் வெளியே போக முடியாது. சோணைமுத்து இரண்டு கையையும் அவள் முதுகில் வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினான். அவள் வெளியே போய் விழுந்தாள். அதே வேகத்தில் திரும்பி, சின்னத்தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாய்ந்தான். வலது முன்கை அவனுக்கு வெந்துவிட்டது.

மருந்து கொஞ்சமாக இருந்ததால் வெடிக்கவில்லை. போர்மேன் ஓடிவந்து மணலை அள்ளிக் கொட்டினார். சுவர் மட்டும் கருத்தது. எல்லோருக்கும் உயிர் இருந்தது. சின்னத்தாய் மணலில் உட்கார்ந்து மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போர்மேன் அவர்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"இந்தா பாருங்க, ஒரு தீயும் பிடிக்கல. சூலக்கரை கலெக்டராபீஸுக்குச் சேதி போச்சுன்னா நாளைக்கே வந்து சீல் வச்சிருவாக. சீசன் போச்சு. ஒங்க ஊர்ல எத்தனை அடுப்பு எரியாதுன்னு நினைச்சுக்கோங்க. யாராச்சும் கேட்டா பாம்பு வந்துச்சு, பயந்து ஓடுனோம்னு சொல்லுங்க."

"சரிங்க அண்ணாச்சி" என்றார்கள்.

"சரின்னா பத்தாது. சத்தியம் பண்ணுங்க."

சோணைமுத்து வலியில் பல்லைக் கடித்தபடி தன் ஆத்தாள் மேல் பண்ணினான். செல்வலட்சுமி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, தாலி மேல் பண்ணினாள். சின்னத்தாய் தன் உச்சந்தலையில் கை வைத்து, "எந்தலை மேல சத்தியம் அண்ணாச்சி" என்றாள்.

போர்மேன் தலையை ஆட்டினார். "ஒந்தலை போனா யாருக்கு என்ன சின்னத்தாயி? அது செல்லாது. போனா வலிக்கணும்ல. மக முளுகாம இருக்கால்ல, அந்த வயித்துப் பிள்ளை மேல பண்ணு."

சின்னத்தாய் தலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பண்ணினாள்.

சோணைமுத்துவைப் போர்மேன் வண்டியில் ஏற்றினார். கை ஆறுகிற வரைக்கும் கோவில்பட்டிப் பக்கம் தன் சொந்தக்காரர் வீட்டில் கிடக்கட்டும், ஊர்க்காரன் கண்ணில் அந்தப் புண் படக்கூடாது என்பது அவர் கணக்கு. சின்னத்தாயைக் கருகியதையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு வரச் சொன்னார். செல்வலட்சுமி உலை வைக்க வேண்டும் என்று முன்னால் கிளம்பிப் போனாள். தொட்டியில் கை கழுவும்போதுதான் சின்னத்தாய் பார்த்தாள். தன்னுடைய ரவிக்கைக் கையைச் சுற்றி ஐந்து விரல் வெள்ளியாகப் பதிந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். தன் கையைப் பார்த்தவளுக்கு மருமகளின் முதுகு ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் ஓடியாவது பிடித்திருப்பாள்.

குழாயடியில் கூட்டம் இருந்தது. செல்வலட்சுமி தாண்டிப் போனபோது ஆவுடைத்தாய்தான் முதலில் பார்த்தாள். நல்லது கெட்டது இரண்டையும் சத்தமாகச் சொல்கிறவள்.

"ஏளா செல்வலட்சுமி, நில்லு. என்னளா இது முதுகுல?"

"என்னது மதினி?"

"ரெண்டு கை இருக்கு! விரல் விரலா இருக்கு!"

செல்வலட்சுமி முதுகைத் தடவிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அது… கம்பெனியில பாம்பு வந்துச்சு மதினி. பயந்து ஓடுனோம்."

ஆவுடைத்தாய் குடத்தைக் கீழே வைத்தாள். "பாம்புக்கு எப்ப இருந்துளா கை முளைச்சுச்சு?"

குழாயடி முழுக்கச் சிரிப்பு. கெட்ட எண்ணம் வைத்துச் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. நாளெல்லாம் குனிந்து வேலை செய்துவிட்டு வந்தவர்களுக்குச் சிரிக்க ஒன்று கிடைத்தது. ஆனால் வெள்ளிக் கை யாருக்கு இருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அய்யாதுரை காகிதக் கட்டுத் தூக்குகிறவன். அவன் கை வெள்ளியாக இருக்காது.

அய்யாதுரை பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையைத் தாண்டுவதற்குள் சேதி அவன் காதில் விழுந்தது. "ஒங்க வீட்டுக்குக் கையுள்ள பாம்பு வந்துச்சாமே மாப்ளே." வீட்டுக்கு வந்தவன் கொடியில் கிடந்த சேலையை எடுத்து விரித்துப் பார்த்தான். துவைத்திருந்தும் தெரிந்தது.

"யார் கை இது?"

"என்னைக் கேக்காதீக அத்தான்" என்றாள் செல்வலட்சுமி. "நான் சொன்னா ஒங்களுக்குத்தான் ஆகாது."

அவள் தாலியை நினைத்துச் சொன்னாள். அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். ஓங்கி அறைந்தான். கல்யாணமாகி அதுதான் முதல் அடி. பிறகு ஆத்தாள் பக்கம் திரும்பினான்.

"நீயும் அவளும் சேந்துதான வேலைக்குப் போறீக? இன்னைக்கு மட்டும் இவ ஏன் தனியா வந்தா?"

"நான் கூட்டிப் பெருக்கிட்டுப் பின்னால வந்தேன்யா."

"சோணைமுத்து அங்கன இருந்தானா?"

"இருந்தான்."

"வேற ஆளுக?"

"வேன்ல போயிட்டாக."

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஒவ்வொரு உண்மையும் மருமகள் கழுத்தில் ஒரு சுற்றாகச் சுற்றியது. மறுநாள் அய்யாதுரை சோணைமுத்துவைத் தேடிப் போனான். ஆள் இல்லை. எங்கே போனான் என்று அவன் ஆத்தாளுக்கும் தெரியவில்லை. தப்பு செய்யாதவன் எதற்கு ஓடுகிறான் என்று ஊர் கேட்டது. கம்பெனியில் அந்த அறைச் சுவருக்கு அன்று காலையிலேயே சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மந்தையில் கூட்டம் போட்டார்கள். சீசனில் வேறு நாளில் யாருக்கும் ஒழியாது. ஊர்ப் பெரியவர் செல்லச்சாமி நடுவில் உட்கார்ந்தார். ஆமத்தூரிலிருந்து ஆண்டிச்சாமியும் கதிரவனும் வந்திருந்தார்கள். ஆண்டிச்சாமி வாயாடி அல்லவா, அன்று அவனுக்குப் பேச்சு வரவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

செல்வலட்சுமியைக் கேட்டார்கள். "பாம்பு வந்துச்சு" என்றாள். சிரிப்பு எழுந்தது. மறுபடி கேட்டார்கள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அய்யாதுரை, "இவளோட எனக்கு இனிமே பொழப்பு ஓடாது. தீத்துவிடுங்க" என்றான். அந்த ஊர் வழக்கப்படி பெண் தாலியைக் கழற்றிக் கொடுத்து, இருவரும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் உறவு முடிந்தது. செல்லச்சாமி இரண்டு தரம் யோசிக்கச் சொன்னார். அய்யாதுரை யோசிக்கவில்லை.

செல்வலட்சுமி தாலியைத் தலை வழியாகக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். துரும்பைக் கிள்ளினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தாலி இப்ப என் களுத்துல இல்லை. நான் பேசலாம்ல?" என்றாள். "கம்பெனியில தீப்பிடிச்சது. வாசப்படியில மலைச்சுப் போய் நின்னேன். சோணைமுத்து தள்ளிவிட்டுத்தான் எனக்கு உசுரு இருக்கு. அவனுக்குக் கை வெந்துருச்சு. சொல்லக் கூடாதுன்னு தாலி மேல சத்தியம் வாங்குனாக. அதான் இம்புட்டு நாளும் சொல்லல. நம்பலைன்னா எங்க அத்தையக் கேளுங்க. அவுக எனக்குப் பின்னாலதான் இருந்தாக."

கூட்டம் சலசலத்து, பின் அடங்கியது. கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற போர்மேனை எல்லோரும் ஒரு தரம் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். அங்கே நின்றவர்களில் அந்தக் கம்பெனிச் சோறு சாப்பிடாத வீடு இல்லை. தீ என்ற சொல் அந்த மந்தையில் நிலைத்தால், அடுத்த நாள் பூட்டு விழும். தீபாவளி வருகிறது.

"சின்னத்தாயி, நீ சொல்லு. தீப்பிடிச்சதா?" என்றார் செல்லச்சாமி.

ஆண்டிச்சாமிக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "சொல்லு தங்கச்சி. எம்மகளை வளத்தவ நீ. நீ சொன்னா சரி."

சின்னத்தாய் மருமகளைப் பார்த்தாள். அன்று மணலில் உட்கார்ந்து முகம் துடைத்தபோது எப்படிப் பார்த்தாளோ அப்படியே செல்வலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் பயமே இல்லை. அத்தை சொல்லிவிடுவாள் என்று இருந்தது. பக்கத்தில் கதிரவன். அவனைப் பார்த்ததும் சின்னத்தாய்க்கு ஆமத்தூர் வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற மகளின் ஞாபகம் வந்தது. செல்வலட்சுமிக்குத் தாலி கழன்றுவிட்டது, சத்தியமும் கழன்றுவிட்டது. இவள் யாரை வைத்துப் பண்ணினாளோ அது இன்னும் வயிற்றுக்குள் இருக்கிறது.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றாள்.

செல்வலட்சுமி அழவில்லை. முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு அண்ணன் கதிரவன் பின்னால் நடந்தாள். ஆண்டிச்சாமி மட்டும் தங்கையின் எதிரில் வந்து நின்று, "ஒனக்கு வாய் எதுக்குன்னு சின்ன வயசுலயே சொன்னேன். கஞ்சி குடிக்கத்தான்" என்றான். அதற்குப் பிறகு அவன் தங்கையோடு பேசவே இல்லை.

அந்த வாரமே பானுப்பிரியா வந்து சேர்ந்தாள். ஏழாம் மாசத்தில் வளையல் அடுக்கிக் கூட்டி வர வேண்டிய பிள்ளை, வெறுங்கையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கதிரவன் ஆமத்தூர் விலக்கு நிறுத்தம் வரைக்கும் பையைத் தூக்கி வந்து, பஸ் ஏற்றிவிட்டு, பஸ் போன பிறகும் அங்கேயே நின்றானாம். அவர்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் கிடையாது. அவள் வாசலில் நின்று, "என்னம்மா நடந்துச்சு? மதினி அப்பிடிப்பட்டவளா?" என்று கேட்டாள்.

"உள்ள வாத்தா" என்றாள் சின்னத்தாய்.

அதற்குப் பிறகுதான் அவள் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். சத்தியம் வயிற்றுப் பிள்ளை மேல். பிள்ளை வெளியே வந்து, நிலத்தில் விழுந்து, காற்றைக் குடித்து அழுதுவிட்டால் அது வயிற்றுப் பிள்ளை இல்லை. அப்புறம் சத்தியத்துக்குப் பிடிமானம் ஏது? அதுவரைக்கும் பொறுத்தால் போதும். பிறந்த அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அண்ணன் காலில் விழலாம். போனவளைக் கூட்டி வரலாம், வந்தவளைக் கொண்டுபோய் விடலாம். மாசங்கள்தானே. கிணற்றில் விழுந்தவள் கயிறு வரும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பது போல அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளி போனது. கார்த்திகை போனது. பானுப்பிரியா இருமினால் சின்னத்தாய்க்குத் தூக்கிவாரிப் போடும். அவளைக் குடம் தூக்க விடமாட்டாள். அய்யாதுரை வீட்டில் யாரோடும் பேசாமல் சாப்பிட்டான், பாதி நாள் சாப்பிடவும் இல்லை. கழற்றிக் கொடுத்த தாலியைச் சாமி படத்துக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தான்.

மார்கழியில் ஒரு காலை, கம்பெனிக்குப் போகிற பாதையில் கதிரவன் காத்து நின்றான். இளைத்திருந்தான்.

"அத்தே, ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்க. தங்கச்சி சொன்னது நெசந்தானே?"

"பிள்ளை பெறக்கட்டும் மருமகனே."

"பெறந்தா?"

"பெறக்கட்டும்."

அவன் முகம் மாறியது. "பிள்ளையக் காட்டி என்னை வளைச்சுப் போடலாம்னு பாக்கீகளா? அங்கன என் தங்கச்சி வெளியில தலைகாட்ட முடியாம கெடக்கா. பச்சப் பிள்ளைகூட அவளைப் பாத்து பாம்பு பாம்புங்குது."

சின்னத்தாய் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தால் சொல்லிவிடுவோம் என்று பயந்தாள்.

தை பிறந்து பானுப்பிரியாவுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னத்தாய் சுவரில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளை அழுத சத்தம் கேட்டது. ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. எழுந்து நேராக மரத்தடியில் நின்ற மகனிடம் போனாள்.

"ஏய்யா, அன்னைக்கு கம்பெனியில தீப்பிடிச்சது. அவன் தள்ளிவிட்டுத்தான் அவ பொழைச்சா. என்னையும் அவந்தான் இழுத்துப் போட்டான். நான் பாத்தேன்."

அய்யாதுரை முதலில் விளங்காதவன் போல நின்றான். பிறகு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "இம்புட்டு நாளும் இந்த வாயை எங்கனம்மா வச்சிருந்தே?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் அவள் ஆமத்தூருக்குப் போனாள். பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்த அந்த ரவிக்கையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். துவைக்காமல் வைத்திருந்தாள். ஐந்து விரலும் அப்படியே இருந்தன. அண்ணன் வீட்டு நடையில் செல்வலட்சுமி சம்மணமிட்டுக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பசைக் கிண்ணம். கதிரவன் கட்டிலில் இருந்தான். ஆண்டிச்சாமி தங்கையைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

சின்னத்தாய் தன் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. எல்லாம் சொன்னாள். வேப்பமரத்தடியைச் சொன்னாள், யாரை வைத்துச் சத்தியம் பண்ணினாள் என்பதையும் சொன்னாள். முந்தானையை விலக்கி ரவிக்கைக் கையைக் காட்டினாள்.

செல்வலட்சுமி உருட்டுவதை நிறுத்தவில்லை. கேட்டு முடித்த பிறகு, "பிள்ளை நல்லா இருக்கா அத்தே?" என்றாள்.

"இருக்குத்தா. பொம்பளப் பிள்ளை."

"கை காலு எல்லாம்?"

"எல்லாம் நல்லா இருக்கு."

"அப்பச் சரி. நீங்க ஒங்க சத்தியத்தைக் காப்பாத்திட்டீக. நானும் களுத்துல தாலி கெடந்த வரைக்கும் காப்பாத்துனேன்."

"வாத்தா வீட்டுக்கு. அவன் வெளிய வரமுடியாம வெக்கத்துல கெடக்கான். ஊர்ல ஒவ்வொரு வாசல்லயும் நின்னு நான் சொல்லுதேன்."

"சொல்லுங்க அத்தே. சொல்ல வேண்டியதுதான்." அவள் ஒரு குழாயை ஒட்டி வெயிலில் வைத்தாள். "நான் வரமாட்டேன். ஒங்க மேல கோவத்துல சொல்லல. என்னை யாரும் கேக்கல, என் முதுகைத்தான் கேட்டாக. நீங்க சொன்னதும் இப்ப நம்புறாகன்னா, நாளைக்கு இன்னொண்ணு யாராச்சும் சொன்னா அதையும் நம்புவாக. அந்த வீட்டுல நான் எப்பிடி முதுகைக் காட்டிப் படுப்பேன்?"

கதிரவன் கட்டிலிலிருந்து எழுந்தான். "பிள்ளை யாரு சாயல் அத்தே?" என்றான்.

"ஒங்க ஆத்தா சாயல்யா."

"நீ போண்ணே" என்றாள் செல்வலட்சுமி. "மதினியக் கூட்டிட்டு வா. நான் தடுக்கல."

அவன் சட்டையை எடுக்கக் கொடிக்குக் கை நீட்டினான். தங்கையைப் பார்த்தான். அவள் வெறுங்கழுத்தோடு பசையைக் குழைத்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கை கீழே இறங்கியது.

"ஒன்னை இப்பிடி ஒக்கார வச்சிட்டு, எம்பொண்டாட்டியோட எந்த மொகத்தை வச்சுக்கிட்டுத்தா இந்த வீட்டுல படுப்பேன்?" என்றான். மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

ஆண்டிச்சாமி கடைசிவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொன்னபடியே சின்னத்தாய் ஊரில் சொன்னாள். அதே குழாயடியில், எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற வேளையில், அந்த ரவிக்கையோடு நின்று சொன்னாள். பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆவுடைத்தாய் மட்டும் மெல்ல, "எங்களுக்கும் அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றாள். "ஆனா இப்ப எதுக்கு இதையெல்லாம்? கம்பெனியில புது ஆர்டர் வந்திருக்கு. நீ பாட்டுக்கு வாய விட்டுட்டு…"

அடுத்த நாள் கம்பெனி வாசலில் அவளை உள்ளே விடவில்லை. போர்மேன் இராமகிருஷ்ணன் அவளைப் பார்க்க வரவுமில்லை. கை ஆறிய சோணைமுத்து தெற்கே எங்கேயோ செங்கல் சூளையில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள். அய்யாதுரை தாலியைக் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் போட்டுவிட்டுத் திருப்பூருக்கு ரயில் ஏறினான். பிள்ளை பால்குடி மறந்ததும் பானுப்பிரியாவுக்கு அதே கம்பெனியில் வேலை கிடைத்தது. சின்னத்தாய் அவளைப் போக விடாமல் மறித்தாள். வேறு என்ன செய்வது என்று மகள் கேட்டாள். சின்னத்தாய் வழியை விட்டு விலகினாள். இவள் களைவெட்டுக்குப் போகிறாள், சீமைக்கருவேல் வெட்டப் போகிறாள்.

யாரை வைத்துச் சத்தியம் பண்ணினாள் என்பதை அவள் பானுப்பிரியாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஊரெல்லாம் சொன்னவள் அதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள். வருஷங்கள் கழித்து ஆமத்தூர்க் கல்யாணம் ஒன்றில் யாரோ பானுப்பிரியாவின் காதில் போட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், கையைக்கூடக் கழுவாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவளும் இப்போது மருந்து அறையில்தான் இருந்தாள். விரலெல்லாம் வெள்ளி. பிள்ளை வாசலில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தது.

"எம்பிள்ளைய வச்சு ஏம்மா பண்ணுனே?" என்றாள். "ஒன்னைய வச்சுப் பண்ணியிருக்கலாம்ல?"

சின்னத்தாய் அடுப்பில் எரிகிற விறகை வெளியே இழுத்துத் தணித்தாள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"பண்ணுனேன்த்தா" என்றாள். "அது செல்லாதுன்னுட்டாக."